ஒன்பதாம் வீட்டு வாசலில் பதினாலாம் தொட்டி

1

இந்தக் கதையை நான் ஒரு குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். மற்ற எழுத்தாளர்கள் தங்கள் கதை மழையில் தோன்றியது, ஆற்றங்கரையில் தோன்றியது என்பார்கள். நான் குடியிருக்கும் ரென்மார்க்கிலும் ஆறு இருக்கிறது, நல்ல பெரிய ஆறுதான். ஆனால் எனக்கு வாய்த்தது தொட்டி. சிவப்பு மூடி, இரண்டு சக்கரம், முன்பக்கம் வெள்ளைப் பெயின்டில் 14 என்று எழுதியிருக்கும்.

எங்கள் தெருவில் வியாழக்கிழமை இருட்டுவதற்கு முன்னால் எல்லாரும் தொட்டியை இழுத்து வாசலில் வைத்துவிடுவோம். வெள்ளி காலையில் லாரி வரும். மே மாதக் கடைசியில் ஒரு வியாழன், சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், எதிர்வீடு ஒன்பதாம் எண் வாசலில் இரண்டு தொட்டிகள் நிற்கின்றன. ஒன்றில் 9. பக்கத்தில் ஒட்டினாற்போல் நிற்பதில் 14. பதினாலாம் எண் வீடு என் வரிசையில், இரண்டு வீடு தள்ளி இருக்கிறது. தொட்டி தானாக ரோட்டைக் கடக்காது.

எனக்குள் இருக்கும் எழுத்தாளர் உடனே எழுந்து உட்கார்ந்தார். (எனக்குள் இருக்கும் எதிர்வீட்டுக்காரி அதற்கு முன்பே எழுந்து ஜன்னலுக்கு வந்துவிட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

2

தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள் செய்தேன். அடித்ததை அழிக்காமல் வைத்திருக்கிறேன், நீங்களும் கொஞ்சம் கஷ்டப்படுங்கள்.

முதலாவது: "ஜூன் மாதப் பனியில் ஆரஞ்சுத் தோப்புகள் பொன்னிறமாக" — வேண்டாம். தோப்பில் ஆரம்பித்தால் காதல் கதை என்று நினைத்துவிடுவீர்கள். அது காதல் கதையா இல்லையா என்பதுதான் இங்கே வழக்கு.

இரண்டாவது: "முப்பத்தெட்டு வயதில் ரோஷெல் மறுபடியும்" — மறுபடியும் என்ன? அந்த வினைச்சொல்லைத்தான் அரசு உதவித்தொகை அலுவலகமும் தேடிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு முன்னால் நான் எழுதிவிடக் கூடாது.

மூன்றாவது கட்டுரை மாதிரி வந்தது. ஆனாலும் அதை இங்கே வைத்தாக வேண்டும். பிள்ளை குட்டி உள்ள குடும்பங்களுக்கு இந்த நாட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரசு ஓர் உதவித்தொகை போடுகிறது. அதற்கு மேல், ஜூன் முடிந்து வருமான வரிக் கணக்கைக் கொடுத்த பிறகு, பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகை வரும். அதற்குப் பேர் சப்ளிமென்ட். அது எல்லாருக்கும் வராது. குடும்ப வருமானத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் முழுசாக உண்டு. ஒரு டாலர் அந்தப் பக்கம் போனால் சுத்தமாகக் கிடையாது.

(குறிப்பு: நான் ஆரஞ்சு பேக்கிங் ஷெட்டில் முன்னறையில் உட்கார்ந்து, யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று பார்ப்பவள். ஜூன் இங்கே குளிர்காலம், நேவல் ரக ஆரஞ்சு குவியும், சனிக்கிழமை வேலைக்கு இரட்டைச் சம்பளம். சரியாக அந்த மாதத்தில்தான் எங்கள் ஊர் அத்தைகள் கூட்டம் கூட்டமாகச் சாவார்கள். கோட்டை ஒட்டி நிற்கும் தம்பதிகள் யாரும் சனிக்கிழமை வரமாட்டார்கள். ஒருவர் ஒரே அத்தையை இரண்டு வருஷம் புதைத்தார். இரண்டு தடவையும் நான் அனுதாபம் தெரிவித்தேன்.)

3

எதிர்வீடு ஒன்பதாம் எண்ணில் இருக்கும் ரோஷெல் அதே ஷெட்டில் ஆரஞ்சு தரம் பிரிக்கிறாள். பெல்ட்டில் ஓடும் பழத்தில் கீறல் எது, அழுகல் எது என்று பார்த்துத் தள்ளும் வேலை. அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் இண்டிக்கு ஒன்பது வயது, அடுத்து கூப்பர், கடைக்குட்டி பெய்ஜ். புருஷன் க்வீன்ஸ்லாந்தில் சுரங்க வேலை என்று போனவன் ரொம்ப ஆழமாக இறங்கிவிட்டான், திரும்பி வரவில்லை.

ஒரு ஆள் சம்பளம்தான் என்பதால் கோடு அவளுக்குத் தூரத்தில் இருந்தது. சனிக்கிழமை வேலைக்குத் தயங்காமல் வருவாள். சப்ளிமென்ட் ஒவ்வொரு வருஷமும் வந்துவிடும். இந்த வருஷத்துத் தொகை இண்டியின் பல்லுக்கு என்று முடிவாகியிருந்தது. இண்டிக்கு மேல் வரிசைப் பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். அதனால் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வாள். ஜோக் எவ்வளவு நல்ல ஜோக் என்பதை அவள் கை எவ்வளவு வேகமாக மேலே போகிறது என்பதை வைத்துத்தான் நான் கண்டுபிடிப்பேன். கம்பி கட்டுகிற டாக்டர் முன்பணம் கேட்டிருந்தார்.

இதற்கிடையில்தான் ஸ்டாவ்.

பதினாலாம் எண் வீட்டில் தனியாக இருக்கும் ஸ்டாவ் ஷெட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். முழுப்பெயர் ஸ்டாவ்ரோஸ், அவன் தாத்தா கிரேக்கத்திலிருந்து திராட்சை பயிரிட வந்தவர். முதலில் ரோஷெலின் தொட்டியை வெளியே வைத்துக் கொடுத்தான். தெருவில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். யாராவது மறந்தால் யாராவது வைப்பார்கள். பிறகு காலையில் காலித் தொட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தான். அது ஒரு படி மேலே. பிறகு அவன் சாப்பாடு, அவன் பீர் பாட்டில், பிஸ்கட் என்று பேர் வைத்த அவன் நாய் கடித்துப்போட்ட எலும்பு எல்லாம் ஒன்பதாம் எண்ணில் சேர ஆரம்பித்து, அவள் தொட்டி மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஆகவே அவன் தன் தொட்டியையும் கொண்டுவந்து அங்கேயே நிறுத்திவிட்டான். ஆணாகப் பிறந்தவன் இதைவிடத் தெளிவாக ஒன்றை அறிவிக்க முடியாது என்று நான் நினைக்கிறேன். ஆனால் அவனுக்கே தான் அறிவித்தது தெரியாது.

ரோஷெலுக்குத் தெரிந்தது. அவள் மனதில் ஓடியதை எனக்கு அவளே பிறகு சொன்னாள். அவள் சொல்லாததை நான் கற்பனை செய்துகொண்டேன், இரண்டுக்கும் நடுவில் தையல் தெரியாது என்று நம்புகிறேன். அன்று மாலை இரண்டு தொட்டிகளையும் பார்த்தபோது அவளுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷம் கணக்குப் போட ஆரம்பித்தாள். இவனும் நானும் ஜோடி என்று ஆகிவிட்டால் இரண்டு சம்பளமும் ஒரே கணக்கு. கோடு காலுக்குக் கீழே வந்துவிடும், சப்ளிமென்ட் போய்விடும். ஜோடி இல்லை என்று சொல்லிவிட்டுப் பின்னால் மாட்டிக்கொண்டால், வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

அவள் இதை முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ள நினைத்தாள். பொய் சொல்லி மாட்டிக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான். யாரும் கேட்காமலே போய் நேர்மையாக இருந்து மாட்டிக்கொள்ள எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும். ரோஷெல் அலுவலகத்துக்கு போன் போட்டாள்.

"ஒரு சின்ன சந்தேகம்ங்க. ஒரு ஆள் வாரத்துல எத்தனை நாள் வந்து போனா ஜோடின்னு கணக்கு?"

"அப்படி எண்ணு எதுவும் கிடையாதுங்க மேடம். எல்லாத்தையும் சேத்து வச்சுப் பாப்போம். உங்க வீட்டுக்கு யாராவது வர்றாங்களா?"

"இல்லல்ல. சும்மாதான் கேட்டேன்."

"சும்மா யாரும் எங்களுக்குப் போன் பண்ண மாட்டாங்களே."

"ஒருத்தர் குப்பைத் தொட்டிய வெளிய வைக்கிறாரு. அவ்வளவுதான்."

"உங்க தொட்டியையா?"

"ஆமா. அவரு தொட்டியையும்."

"அவரு தொட்டிய எங்க வைக்கிறாரு?"

"என் வீட்டு வாசல்லதான்."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் ஆரம்பித்தது. அது வெகுநேரம் நிற்கவில்லை.

4

மறுநாள் ஒரு பை நிறையக் கீறல் விழுந்த ஆரஞ்சோடு என் வீட்டுக்கு வந்தாள். என் பெயர் மங்கையர்க்கரசி. இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே அதை வெட்டி 'மாஸ்' ஆக்கிவிட்டார்கள். எதையும் ஒரு அசைக்கு மேல் கூப்பிட்டால் இவர்களுக்கு மூச்சு வாங்கும்.

"மாஸ், உன் பேரைக் குடுத்துட்டேன்."

"எதுக்குடி?"

"ஆபீஸ்லேருந்து கூப்புடுவாங்க. எங்களைத் தெரிஞ்ச ஆளா இருக்கணும், சொந்தக்காரங்களா இருக்கக் கூடாதாம். நீதான் நாள் பூரா ஜன்னல்ல நிக்கிறியே."

"நான் பாத்திரம் கழுவுறேன்."

"உங்க வீட்ல இருக்குறதே ரெண்டு பேரு. அப்படி என்னத்தை ஆக்கித் திங்கிறீங்க?"

நான் பேச்சை மாற்றினேன். "கேட்டா என்ன சொல்லட்டும்?"

"கண்ணால பாத்ததைச் சொல்லு. நீ கதை எழுதுறவ, எனக்குத் தெரியும். ஆனா அவங்ககிட்ட கதை விடாத."

அவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்பதையும் அவள் விசாரித்து வைத்திருந்தாள். இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்களா? பணத்தை யார் கையாளுகிறார்கள்? வெளியே போகும்போது ஊர் அவர்களை ஜோடியாகப் பார்க்கிறதா? ஒருவருக்கு ஒன்று என்றால் மற்றவர் கை கொடுக்கிறாரா? இது நீடிக்கும் என்று இருவரும் எண்ணுகிறார்களா? எந்த இலக்கியப் பட்டறையிலும் இவ்வளவு நல்ல கேள்விகளை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இதுவரை நான் எழுதிய பதினொரு காதல் கதைகளில் ஒன்றுக்குக்கூட இவற்றுக்குப் பதில் கிடையாது. என் காதலர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்றே எனக்குத் தெரியாது.

5

அடுத்த பிரச்சினை ஸ்டாவ். எழுதி வைத்ததைப் படித்துப் பார்த்தால் நம்பும்படியாக இல்லை. தொட்டி வைக்கிறான், முணுமுணுப்பதில்லை. அடிலெய்டில் தங்கள் அம்மாவோடு இருக்கும் தன் இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். வெள்ளிக்கிழமை க்ளப்பில் இறைச்சித் தட்டைப் பரிசாகக் கொடுக்கும் சீட்டுக் குலுக்கலில் ஜெயித்தால், மேடையிலிருந்து இறங்கி நேரே ரோஷெலின் மேஜைக்கு வந்து, ஊரே பார்க்க, ஆட்டுத் தொடையையும் ஒரு சரம் சாஸேஜையும் அவள் முன்னால் வைத்துவிட்டுப் போகிறான். இப்படிப்பட்டவனைக் கதையில் வைத்தால் ஆண் வாசகர்கள் சிரிப்பார்கள், பெண் வாசகர்கள் முகவரி கேட்பார்கள். ஒரு குறை வேண்டும்.

டீ இடைவேளையில் ரோஷெல் என் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

காட்டினேன்.

"அடேங்கப்பா, என் பேரு தமிழ்ல இவ்ளோ நீளமா?"

"அது 'குப்பைத் தொட்டி'. உன் பேரு அதுக்குப் பக்கத்துல."

"பக்கத்துலயா வச்சிருக்க? நல்லா இருப்படி. சரி, கதையில நான் ஒல்லியா?"

"இன்னும் உடம்பு பத்தி எழுதல."

"எழுதும்போது ஒல்லின்னு போடு. யாரு வந்து பாக்கப் போறா."

"ஸ்டாவுக்கு ஒரு குறை சொல்லு. ரொம்ப நல்லவனா வர்றான்."

"குறையா? அவன் வுடுற குறட்டையில சுவத்துல மாட்டுன படமெல்லாம் ஆடும். எழுதிக்கோ."

நான் பேனாவை மேஜையில் வைத்தேன். "அவன் குறட்டை உனக்கு எப்படிடி தெரியும்?"

ரோஷெல் ஆரஞ்சை உரிப்பதில் மும்முரமானாள். காது சிவந்தது. "சோஃபால. டி.வி. பாத்துட்டே தூங்கிடுவான்."

"எத்தனை மணி வரைக்கும்?"

"நீ மாஸா, ஆபீஸா?"

(குறிப்பு: மேலே உள்ள உரையாடல் அலுவலகத்தின் கண்ணில் பட வாய்ப்பில்லை. அங்கே தமிழ் தெரிந்த ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருந்தால், ஐயா, அம்மா, இது புனைவு.)

6

கணக்குத் தெரிந்த வாசகர் இந்நேரம் கை தூக்கியிருப்பார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் சம்பளத்தோடு வந்தால் வீட்டுக்கு லாபம்தானே, இந்தச் சப்ளிமென்ட்டைப் போனால் போகட்டும் என்று விட வேண்டியதுதானே, பல்லுக்கு அவனே கட்டுவானே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. இதே கேள்வியை நானும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஸ்டாவ் ஏற்கெனவே பல் விஷயத்தைக் கேள்விப்பட்டுப் பணம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். ரோஷெல் அவனிடம் சொன்ன பதில் இரண்டே வார்த்தை: "நான் கேட்டேனா?"

அந்த இரண்டு வார்த்தையை இந்தத் தெருவில் வாங்காதவர்கள் கிடையாது. அவள் கார் நின்றுபோனபோது தள்ளப் போனேன், "நான் கேட்டேனா?" என்றாள். அவசரத்துக்கு ஒரு கப் சர்க்கரை வாங்கினால் மறுநாள் ஒரு கிலோ பாக்கெட் வந்துவிடும். முதலில் திமிர் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் ஷெட் வாசலில் குளிரில் நின்றுகொண்டு அவளே சொன்னாள்.

"அவன் சுரங்கத்துக்குப் போனான்ல, மாஸ், அப்ப நான் வேலைக்குப் போகல. பெட்ரோலுக்குக் கேக்கணும். ஷாம்பூக்குக் கேக்கணும். 'போன வாரம் குடுத்தேனே, எங்க போச்சு'ம்பான். பிள்ளைக்கு ஜுரம், மருந்து வாங்கணும்னு கேட்டா, 'நிஜமாவா'ம்பான். இந்தப் பணம் இருக்கு பாரு, இது என் பேருல வருது. யாரு மூஞ்சியையும் பாத்துக் கேக்க வேணாம். வருஷத்துல ஒரு நாள் பேங்க்குல பாத்தா இருக்கும், அவ்வளவுதான். ஸ்டாவ் நல்லவன்தான். ஆனா நல்லவன்கிட்ட கேட்டாலும் கேக்குறது கேக்குறதுதானே?"

ஆகவே இந்தக் கதையில் பணயம் இண்டியின் பல் மட்டும் இல்லை. கேட்காமல் வரும் பணத்தை விட்டுவிட்டு, கேட்க வேண்டிய ஒரு மனுஷனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதா என்பதுதான். ஜூன் முப்பதோடு வரிக் கணக்கு வருஷம் முடிகிறது. அதற்கப்புறம் எந்த நாளும் என் போன் அடிக்கும்.

7

கதையை முடித்துத் தருகிறேன், பிடித்ததை எடுத்துக்கொள் என்று சொல்லி, ஒரு ஞாயிறு மதியம் ஒன்பதாம் எண்ணுக்கு மூன்று முடிவுகளோடு போனேன். இண்டி சோஃபாவில் படுத்துக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஷெல் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

முடிவு ஒன்று. இருவரும் ஜோடி என்று எழுதிக் கொடுக்கிறார்கள். சப்ளிமென்ட் போகிறது. ஸ்டாவ் கம்பி கட்டப் பணம் கட்டுகிறான். இரண்டு வருஷம் கழித்து இண்டி கையை எடுத்துவிட்டுப் பளிச்சென்று சிரிக்கிறாள்.

"இது பற்பசை விளம்பரம்," என்றாள் ரோஷெல்.

முடிவு இரண்டு. அவன் தொட்டி அவன் வீட்டுக்கே போகிறது. நீ யாரோ, நான் யாரோ. பணம் வருகிறது.

அவள் ஒரு காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "காசுக்காக ஒரு மனுஷன வெளிய நிறுத்துறவளா என்னைக் காட்டுவ. அப்படித்தானே?"

முடிவு மூன்று. பெய்ஜ் பெரியவளாகி, உதவித்தொகையெல்லாம் தானாக நின்றபிறகு கல்யாணம்.

"அதுக்குள்ள அவன் குறட்டைக்கு வீடே இடிஞ்சிருக்கும்."

இந்த இடத்தில் இண்டியை எழுந்து வரவைத்து, "அம்மா, எனக்குப் பல் பரவாயில்லை, ஸ்டாவ் இருக்கட்டும்" என்று சொல்ல வைத்தேன். அப்படி எழுதிவிட்டு நானே கொஞ்சம் அழுதேன். பிறகு அடித்துவிட்டேன். இண்டி அப்படிச் சொல்லவில்லை. எந்த ஒன்பது வயதுப் பிள்ளையும் அப்படிச் சொல்லாது. அவள் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னது இதுதான்:

"ஏன், ரெண்டும் வேணும்னா என்ன?"

கோடு போட்டவர்களிடம் யாராவது இதைக் கேட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்.

8

இரண்டாவது முடிவு, நான் எழுதாமலே, தானாக நடக்க ஆரம்பித்தது.

ரோஷெல் ஸ்டாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவன் "சரி" என்றிருக்கிறான். அவன் பேசுவதிலேயே அதுதான் நீளமான பேச்சு. அன்று மாலை தொட்டியைச் சாய்த்து இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தான். சக்கரம் கடகடவென்று போகும் சத்தம் என் சமையலறைக்கு நன்றாகக் கேட்டது. பின்னாலேயே பிஸ்கட் போனது, பாதி ரோட்டில் நின்று திரும்பி ஒன்பதாம் எண்ணைப் பார்த்தது.

அடுத்த வியாழன் 14 என்று எழுதிய தொட்டி பதினாலாம் எண் வாசலில் ஒழுங்காக நின்றது. நான் போய் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். (திட்டாதீர்கள், இது ஆராய்ச்சி.) உள்ளே இறைச்சி அடைத்த கடை ரொட்டி ஒன்றின் காலி உறையும் இரண்டு பீர் பாட்டிலும் இருந்தன. ஒரு வாரம் ஒரு மனுஷன் சாப்பிட்டது அவ்வளவுதான். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மூடியை மெதுவாக இறக்கிவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்பதாம் எண் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் கூப்பர் ஒரு தட்டு அதிகமாக வைத்தான், ரோஷெல் எடுத்து உள்ளே வைத்தாள். மறுநாளும் வைத்தான். "யாருக்குடா?" என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள். படுக்கப் போகும்போது வீட்டில் சத்தமே இல்லாமல் இருந்ததில் தூக்கம் வரவில்லை என்று, எதிலோ கோபப்படுகிற குரலில், பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள். நாய்க்கு மட்டும் வருமான வரம்பு தெரியவில்லை. தினம் மாலையில் வேலி ஏறிக் குதித்து, ரோட்டைக் கடந்து, ஒன்பதாம் எண் வாசற்படியில் வந்து படுத்துக்கொண்டது. யாரும் விரட்டவில்லை.

9

ஜூலை முதல் வியாழன் மாலை. ஐந்து மணிக்கே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இனி நான் எதையும் சேர்க்கப் போவதில்லை. ஜன்னலில் நின்று கண்ணால் பார்த்தது மட்டும்.

ரோஷெல் கம்பளி பூட்ஸும் நைட் பேன்ட்டுமாக ஒன்பதாம் தொட்டியை இழுத்து வந்தாள். தொட்டி வழக்கம்போல வாய் பிளந்திருந்தது. நடைபாதை விளிம்பில் இறக்கும்போது ஒரு சக்கரம் கழன்று உருண்டு ஓடியது. தொட்டி அப்படியே சாய்ந்து, பால் டப்பா, ஆரஞ்சுத் தோல், முட்டை ஓடு எல்லாம் ரோட்டில் கொட்டியது. அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

அவளுக்குப் பக்கத்து வீட்டு மெர்வ் தன் தொட்டியை விட்டுவிட்டு வேகமாக வந்தார். நல்ல மனுஷன், திடமான உடம்பு, கையில் கையுறை வேறு.

"இரும்மா, நான் தூக்குறேன்."

"வேணாம் மெர்வ், நான் பாத்துக்குறேன்."

"அட, ஒரு நிமிஷ வேலை."

"வேணாங்கிறேன்ல. நான் கேட்டேனா?"

மெர்வ் கையைத் தூக்கிச் சரணடைந்துவிட்டுப் போய்விட்டார். அவள் தனியாகக் குப்பை நடுவில் நின்றாள். குனிந்து ஒரு பால் டப்பாவை எடுத்தாள், திரும்பக் கீழே போட்டாள். அப்புறம் பதினாலாம் எண் வீட்டுப் பக்கம் திரும்பினாள். நிற்கிறாள், நிற்கிறாள், தெருவிளக்கும் எரிந்துவிட்டது. பிறகு, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டாள்:

"ஸ்டாவ்! கொஞ்சம் வாயேன்!"

அவன் ஒரு காலில் மட்டும் காலுறையோடு ஓடிவந்தான். பார்த்தான். திரும்பிப் போய்த் தன் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். அது ஏறக்குறையக் காலி. இருவரும் குனிந்து குப்பையை அள்ளி அதில் போட்டார்கள். மூடி சுலபமாக மூடியது. சக்கரம் போன ஒன்பதாம் தொட்டியை அவன் தோளில் தூக்கிக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். ஒன்பதாம் வீட்டு வாசலில் இப்போது பதினாலாம் தொட்டி மட்டும் நின்றது.

அதற்குப் பிறகு அவள் அவனிடம் இன்னும் ஏதோ கேட்டாள். என்னவென்று கேட்கவில்லை, குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கென்று நான் நிஜமாகவே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பார்க்க மட்டும் பார்த்தேன். கேட்பதற்கு அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. நடுவில் தன் மேல் வரிசைப் பல்லை விரலால் தொட்டுக் காட்டினாள். அவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். இண்டி வாசற்படியில் நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயில் கை வைத்திருந்தாள்.

சக்கரம் உடைந்தால் யாரையும்தான் கூப்பிடுவோம். தொட்டி உடைந்தால் பக்கத்து வீட்டுத் தொட்டியைக் கடன் வாங்குவதும் ஊர் வழக்கம்தான். அப்படியும் சொல்லலாம். மெர்வை வேண்டாம் என்று அனுப்பியதை நினைத்துப் பார்த்தால் வேறு மாதிரியும் சொல்லலாம். ஒன்று சொன்னால் பணம் வரும், இன்னொன்று சொன்னால் வராது. நான் பார்த்ததையெல்லாம் நீங்களும் பார்த்துவிட்டீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும்.

இதோ, மேஜை மேல் போன் அடிக்கிறது. அலுவலகம் மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு எண்ணுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. எதிரே ரோஷெல் தலையைத் தூக்கி என் ஜன்னலைப் பார்க்கிறாள். அவள் கை அவன் சட்டைக் கையைப் பிடித்திருக்கிறது, குளிருக்காகவும் இருக்கலாம். என் கை இரண்டும் சோப்பு நுரை.

நீங்கள் கொஞ்சம் எடுங்களேன்.